பெட்டியும் சாய்ப்பும்: சிறு பயண வண்டியின் நிழல் வரலாறு

சென்ற தவணையில் பத்தாம் வகுப்புக்குப் பிறமொழிச் சொற்கள் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழும்பி, "சேர், வேன் எந்த மொழிச் சொல்?" என்று கேட்டான். ஆங்கிலம் என்று சொல்லி அவனை இருத்தியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லின் பயணம் அதைவிட நீளமானது. பாரசீக மொழியில் 'கார்வான்' என்றால் கூட்டமாகப் போகும் வணிகப் பயணம். அரபியில் நாம் காஃபிலா என்று சொல்வது. அந்தக் கார்வான் ஐரோப்பாவுக்குப் போய்க் 'கரவன்' ஆனது. இங்கிலாந்தில் கூத்தாடிகளும் நாடோடிகளும் குடியிருந்த மூடு வண்டிக்கு அது பேராயிற்று. 19ஆம் நூற்றாண்டில் அதன் தலையை வெட்டி வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த வால்தான் இன்று நம்மைக் கல்முனையிலிருந்து கொழும்புக்கு ஏற்றிப் போகிற வேன்.

வால் நமக்கு வந்தது. முழுச் சொல் மேற்கில் தங்கி, உல்லாசப் பயணத்தின் வண்டியாயிற்று. 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை வைத்தியர், இரண்டு குதிரைகள் இழுக்கும் 'வாண்டரர்' என்ற வீட்டு வண்டியைச் செய்வித்து இங்கிலாந்திலிருந்து ஸ்கொட்லாந்து வரை போனார். பொழுதுபோக்குக்கென்றே கட்டிய முதல் கரவன் அது என்று சொல்வார்கள். பிறகு குதிரையின் இடத்துக்குக் கார் வந்தது. காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் சிறிய பெட்டி வந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் எழுத வந்தது பெட்டியின் பக்கத்தில் இறக்கிக் கட்டும் துணியைப் பற்றி. நம்மூரில் வீட்டுச் சுவரோடு ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்குவோமே, அதே வேலைதான். இரண்டு கம்பு, நாலு கயிறு, ஒரு படங்கு. ஆனால் அந்தப் படங்குக்குக் கீழே யார் இருந்தார்கள் என்று பார்க்கப் போனால், ஒரு நாட்டின் அரை நூற்றாண்டு அதற்குள் அடங்கிக் கிடக்கிறது. அந்த நாடு அமெரிக்கா.

காரோடு கட்டிய துணி

ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' கார் 1908இல் வந்தது. 1927இல் அதன் உற்பத்தி நிற்கும்போது ஒன்றரைக் கோடி கார்கள் செய்யப்பட்டிருந்தன. ஒரு தச்சனும் ஒரு கமக்காரனும் கார் வாங்கலாம் என்ற நிலை வந்ததும், சனம் வீதியில் இறங்கிற்று. விடுதிக்குக் கொடுக்கக் காசில்லை, கொடுக்க விருப்பமுமில்லை. காரின் கூரையில் ஒரு தடித்த பருத்திப் படங்கின் ஒரு கரையைக் கட்டி, மறுகரையை இரண்டு கம்பில் தூக்கி நிறுத்தினார்கள். காரே ஒரு பக்கச் சுவர். கட்டிக்கொண்டு படுத்தார்கள், விடிந்ததும் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

1919இல் புளோரிடாவின் டாம்பா நகரில் இப்படிப்பட்ட பயணிகள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். பேர், 'தகர டின் சுற்றுலாக்காரர்'. டின் உணவைச் சாப்பிட்டு, டின் போன்ற காரில் போகிறவர்கள் என்ற கேலியை அவர்களே பட்டமாக எடுத்துக்கொண்டார்கள். காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு வெற்று டின்னை ஒட்டவைப்பது அவர்களது அடையாளம்.

பணக்காரருக்கும் இந்த ஆசை இருந்தது. ஃபோர்டும் தோமஸ் எடிசனும் டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோனும் 1915 முதல் 1924 வரை அநேகமாக ஒவ்வொரு கோடையிலும் கூடாரப் பயணம் போனார்கள். எழுத்தாளர் ஜோன் பரோஸ் 1921இல் மௌத்தாகும் வரை அவர்களோடு சேர்ந்து போனார். தங்களை 'நாடோடிகள்' என்று அழைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் சமையல் லொறி வந்தது; வேலையாட்கள் வந்தார்கள்; நடுத்தட்டு சுழலும் பெரிய வட்ட மேசை வந்தது. படங்கைக் கட்டினவர்கள் வேறு, அதன் நிழலில் இருந்தவர்கள் வேறு.

1920களின் தொடக்கத்தில் பல நகரசபைகள் பயணிகளுக்காக இலவச முகாம் இடங்களைத் திறந்தன. தண்ணீர், வெளிச்சம், அடுப்பு எல்லாம் சும்மா. வருகிறவர்கள் நமது கடைகளில் சாமான் வாங்குவார்கள் என்பது கணக்கு. கொஞ்ச நாளில் வேறு ஆட்களும் வரத் தொடங்கினார்கள். பழைய கார், கிழிந்த படங்கு, பின்னால் நாலைந்து பிள்ளைகள். அவர்கள் வேலை தேடிப் போகிறவர்கள். கடையில் வாங்க அவர்களிடம் ஒன்றுமில்லை. உடனே சபைகள் கட்டணம் வைத்தன. இத்தனை நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்று சட்டம் போட்டன. கட்டியது ஒரே துணி. ஒருவருக்கு அது உல்லாசம், மற்றவருக்கு அதே துணி குற்றம். இந்தப் பிரிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

ஒரு மழையும் ஒரு பெட்டியும்

1929இல் டெட்ராயிட் நகரில் ஆதர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியலாளர் இருந்தார். மடித்து இழுத்துப் போகும் ஒரு கூடார வண்டி வாங்கினார். சில நிமிடங்களில் விரித்துவிடலாம் என்பது விளம்பரம். பெண்சாதி பிள்ளைகளோடு போன முதல் பயணத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. நிமிடங்களில் விரியும் என்று சொன்ன கூடாரம் விரியவில்லை. குடும்பம் முழுவதும் நனைந்துவிட்டது.

வேறொருவர் என்றால் வாங்கின கடையோடு சண்டைக்குப் போயிருப்பார். ஷெர்மன் துணியையே வேண்டாம் என்று முடிவெடுத்தார். சுமார் 6 அடி அகலமும் 9 அடி நீளமும் கொண்ட ஒரு கட்டிப் பெட்டியைச் சில்லுகளில் ஏற்றினார். பிள்ளைகள் அதற்குக் 'கவர்ட் வேகன்' என்று பேர் வைத்தார்கள். மேற்கே குடியேறப் போன முன்னோரின் மூடு வண்டிக்கு வழங்கிய பேர் அது. 1930 ஜனவரியில் டெட்ராயிட் வாகனக் கண்காட்சியில் அதை வைத்தார். சில ஆண்டுகளில் அவரது கம்பனி நாட்டின் மிகப் பெரிய ட்ரெய்லர் உற்பத்தியாளராக நின்றது. இன்னும் 20 ஆண்டில் அமெரிக்கரில் பாதிப்பேர் ட்ரெய்லரில் குடியிருப்பார்கள் என்று ரொஜர் பாப்சன் என்ற பொருளாதாரக் கணிப்பாளர் சொல்லுமளவுக்கு அந்த மோகம் ஏறிற்று.

கணிப்பு பலிக்கவில்லை. ஆனால் துணி திரும்பி வந்தது. காரணம், பெரிய பெட்டி பாரம்; பாரத்தை இழுக்கப் பெரிய கார் வேண்டும். ஆகவே சின்ன வருமானக்காரர் பெட்டியைச் சின்னதாக்கினார்கள். 1930களில் 'கண்ணீர்த் துளி' என்ற சின்ன ட்ரெய்லர் பிறந்தது. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து, ஒரு துளியைப் படுக்கவைத்தது போல இருக்கும். ஏறக்குறைய 4 அடி அகலம், 8 அடி நீளம், 4 அடி உயரம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். எழும்பி நிற்க முடியாது. பின்மூடியைத் தூக்கினால் அங்கே சமையலறை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் மிஞ்சிய அலுமினியத் தகடுகளையும் பழைய சில்லுகளையும் வாங்கி, சஞ்சிகைகளில் வந்த வரைபடத்தைப் பார்த்து, ஆட்கள் வீட்டு முற்றத்திலேயே இதைச் செய்துகொண்டார்கள்.

இப்போது பாருங்கள்: சமைப்பது வெளியே, உடுப்பு மாற்றுவது வெளியே, பிள்ளைகள் விளையாடுவது வெளியே, விருந்தாளி இருப்பது வெளியே. பெட்டிக்குள் நடப்பது உறக்கம் ஒன்றுதான். அப்படியென்றால் வீடு எது? பக்கத்தில் இறக்கிய சாய்ப்புத்தான் வீடு. ஷெர்மன் துரத்திவிட்ட படங்கை இந்தச் சின்னப் பெட்டிகள் கூப்பிட்டு எடுத்துக்கொண்டன. இந்த முறை அதைச் சரியாகக் கட்டப் பழக வேண்டியிருந்தது.

கட்டும் கலை

எங்கட வாப்பா வயல்காரர். சூடடிக்கும் காலத்தில் களத்தில் படங்கு கட்டுவார். உழவு மெஷின் பெட்டியின் ஒரு விளிம்பில் படங்கைக் கொழுவி, மற்றப் பக்கம் கம்பு நாட்டுவார். ஒருநாள் நான் உதவி செய்வதாக நினைத்து நாலு மூலையையும் நேர்மட்டமாகக் கட்டிவிட்டேன். வாப்பா பார்த்துவிட்டுச் சொன்னது இன்றைக்கும் மறக்கவில்லை: "நாலு மூலையையும் ஒரே உசரத்துல கட்டினா அது கூரையில்ல மகன், குளம்."

கணக்குப் போட்டால் வாப்பா சொன்னது சரி. ஒரு சதுர மீற்றரில் 1 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் 10 லீற்றர், அதாவது 10 கிலோ. 3 மீற்றர் நீளமும் இரண்டரை மீற்றர் அகலமும் உள்ள சாய்ப்பு ஏழரைச் சதுர மீற்றர். அதில் சராசரி 2 சென்ரிமீற்றர் தண்ணீர் தேங்கினால் 150 கிலோ. துணி தொய்யும், தொய்ந்தால் இன்னும் தேங்கும், கடைசியில் கம்பு முறியும், இல்லையென்றால் துணி கிழியும். அதனால்தான் வெளிப்பக்கத்து ஒரு மூலையையாவது நன்றாகத் தாழ்த்த வேண்டும். தண்ணீருக்கு ஒரு வழி காட்டிவிட்டால் அது பேசாமல் போய்விடும்.

1950களில் இதைக் கலையாகவே ஆக்கியவர் பில் மொஸ் என்ற அமெரிக்க ஓவியர். ஃபோர்ட் கம்பனியின் பயணச் சஞ்சிகைக்குப் படம் வரைந்தவர். ஒரு சதுரத் துணியின் எதிரெதிர் மூலை இரண்டை உயர்த்தி, மற்ற இரண்டையும் தாழ்த்தி இழுத்தார். துணி இரண்டு திசையிலும் எதிரெதிராக வளைந்து, குதிரைச் சேணம் போல விறைத்து நின்றது. தண்ணீர் தேங்க அதில் பள்ளமில்லை. காற்றில் படபடக்கத் தளர்வுமில்லை. இரண்டே கம்பு போதும்.

மழையைவிடப் பெரிய எதிரி காற்று. மழை துணியை அமுக்கும், காற்று தூக்கும். திறந்த பக்கம் காற்றைப் பார்த்திருந்தால் சாய்ப்பு பாய்மரமாகிவிடும். தாழ்ந்த பக்கத்தைக் காற்றுக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொரு கம்புக்கும் இரண்டு திசையில் கயிறு வேண்டும். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கடற்கரை மணலில் முளை நிற்காது; ஒரு பையில் மணலை நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டிப் புதைத்தால் அசையாது.

கயிறும் முளையும் என்று சொல்லும்போது தமிழ் படித்த எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. எட்டாம் நூற்றாண்டில் அரபு யாப்பிலக்கணத்தை வகுத்த கலீல் இப்னு அஹ்மத், செய்யுளின் உறுப்புகளுக்குக் கூடாரத்திலிருந்தே பெயரெடுத்தார். கவிதையின் வரி 'பைத்', அதாவது கூடார வீடு. அசைகளில் ஒன்று 'ஸபப்', கயிறு. மற்றொன்று 'வதத்', முளை. நம்முடைய யாப்பிலும் சீரைச் சீரோடு கட்டுவதற்குத் தளை என்றுதான் பேர். கட்டுத் தளர்ந்தால் கவிதையும் விழும், கூடாரமும் விழும் என்று இரண்டு மொழிக்காரரும் கண்டிருக்கிறார்கள்.

பருத்திப் படங்குக்கு ஒரு குணம் உண்டு. நனைந்தால் நூல் பருத்து, கண்கள் அடைபட்டு, தானாகவே தண்ணீரைத் தடுக்கும். ஆனால் உள்ளிருந்து விரலால் தொட்டால் தொட்ட இடத்தில் ஒழுகும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தக் காலத்துச் சணல், பருத்திக் கயிறுகள் நனைந்தால் சுருங்கும். மழைக்கு முன் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் முளையைப் பிடுங்கிவிடும். இன்றைய நைலோன் கயிறு நேர்மாறு, நனைந்தால் நீளும். மழைக்குப் பின் இறுக்க வேண்டும்.

வண்டியோடு சேரும் இடம் இன்னொரு பாடம். கண்ணி போட்டு நாலு இடத்தில் கட்டினால் இழுவை முழுவதும் அந்த நாலு கண்ணியில் விழும். கண்ணியருகே துணி கிழியும். பாய்மரத் துணியின் ஓரத்தில் கயிறு வைத்துத் தைப்பது மாலுமிகளின் வழக்கம். அதே போலச் சாய்ப்பின் ஓரத்திலும் கயிறு வைத்துத் தைத்து, வண்டியின் உடலில் பதித்த உலோகக் கால்வாய்க்குள் அதை நுழைத்து இழுத்துவிடுகிறார்கள். இழுவை ஓரம் முழுவதும் பரவும். இடுக்கால் மழையும் இறங்காது. இன்னொன்று: சின்ன வண்டி வில்லின் மேல் நிற்பது. ஆள் ஏறினால் தாழும், இறங்கினால் உயரும். ஆகவே முதலில் மூலைகளுக்கு முட்டுக் கொடுத்து வண்டியை அசையாமல் நிறுத்த வேண்டும், பிறகுதான் சாய்ப்பு. இந்த ஒழுங்கை மாற்றினவர்கள் இரவில் எழும்பிக் கயிறு கட்டுவார்கள்.

துணியும் தீயும்

சின்ன ட்ரெய்லரின் சமையல் சாய்ப்புக்குக் கீழே நடப்பது. ஆகவே தீயைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. பழைய காலத்தில் படங்குக்குத் தண்ணீர் இறங்காமலிருக்க மெழுகு பூசினார்கள். 1944 ஜூலை 6ஆம் தேதி ஹாட்போர்ட் நகரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் பற்றிக்கொண்டது. பெற்றோலில் கரைத்த பரபின் மெழுகு பூசிய துணி அது. சில நிமிடங்களில் எரிந்து விழுந்தது. 160க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் பிள்ளைகள். மழைக்குக் காவலாகப் பூசியதே தீக்கு எண்ணெயாயிற்று.

நமக்கு இதைவிட நெருக்கமான துக்கம் மினாவில் நடந்தது. 1997 ஏப்ரல் 15, துல்ஹஜ் பிறை 8. காற்று பலமாக வீசிய அந்த நாளில் தீ கூடாரத்துக்குக் கூடாரம் தாவிற்று. சுமார் 70,000 கூடாரங்கள் எரிந்தன. 343 ஹாஜிகள் ஷஹீதானார்கள். அதற்குப் பிறகுதான் டெஃப்லோன் பூசிய கண்ணாடியிழைத் துணியால், தீப்பிடிக்காத நிரந்தரக் கூடாரங்கள் அங்கே கட்டப்பட்டன. கூடாரத்துக்குள் சமைப்பதும் தடுக்கப்பட்டது. இன்று ஹஜ்ஜுக்குப் போய் வருகிறவர்கள் பார்க்கும் வெள்ளைக் கூம்புகள் அந்த 343 பேரின் பிறகு வந்தவை. இரண்டு பேர் தங்கும் சாய்ப்புக்கும் பாடம் ஒன்றுதான்: அடுப்பு துணியின் ஓரத்துக்கு வெளியே, காற்று எடுத்துப் போகும் பக்கத்தில் இருக்கட்டும்.

அழிக்கப்பட்ட பெருவிரல்

கட்டணம் வைத்து நகரங்கள் துரத்திவிட்ட ஆட்களிடம் இப்போது திரும்புவோம். 1930களில் பொருளாதார வீழ்ச்சியும் வறட்சியும் புழுதிப் புயலும் சேர்ந்து, அமெரிக்காவின் நடுச் சமவெளிக் குடும்பங்களைப் பெயர்த்தெடுத்தன. இலட்சக்கணக்கானோர் கலிபோர்னியாவை நோக்கிக் கிளம்பினார்கள். உல்லாசப் பயணி காரோடு கட்டிய அதே சாய்ப்பைத்தான் இவர்களும் கட்டினார்கள். ஆனால் இவர்களுக்குச் சுருட்டிக்கொண்டு திரும்ப ஒரு வீடு இருக்கவில்லை.

1936 மார்ச் மாதம், கலிபோர்னியாவின் நிபோமோ. குளிரில் பட்டாணிப் பயிர் கருகிவிட்டது. பிடுங்க வந்தவர்களுக்கு வேலையில்லை. அங்கே கார் பழுதாகி ஒரு குடும்பம் தங்கியிருந்தது. அரசின் மீள்குடியேற்ற நிர்வாகத்துக்காகப் படமெடுத்துவந்த டொரதியா லாங், அந்தத் தாயையும் பிள்ளைகளையும் படமெடுத்தார். புளொரன்ஸ் ஓவன்ஸ் தோம்சன் என்ற அந்தத் தாய்க்கு அப்போது 32 வயது. உலகத்தில் மிக அதிகம் பார்க்கப்பட்ட படங்களில் அது ஒன்று. பார்த்தவர்கள் தாயின் முகத்தைப் பார்க்கிறார்கள்; தோளில் முகம் புதைத்த பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். அவர்கள் இருந்தது ஒரு சாய்ப்புக்குள் என்பதைக் கவனிப்பவர் குறைவு.

படத்தின் வலது கீழ்மூலையில், அந்தச் சாய்ப்பின் கம்பைப் பிடித்திருக்கும் ஒரு பெருவிரல் விழுந்திருந்தது. படத்தின் அழகுக்கு அது இடைஞ்சல் என்று நினைத்து, சில ஆண்டுகளுக்குப் பின் லாங் அதை மறைக்கச் செய்தார். படம் பத்திரிகையில் வந்ததும் அந்த முகாமுக்கு அரசு உணவு அனுப்பிற்று. அதற்குள் அந்தக் குடும்பம் படங்கைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. படத்திலிருப்பவர் யார் என்று உலகம் அறிந்தது 1978இல்.

அதே காலத்தில் கலிபோர்னியாவின் ஆர்வின் என்ற இடத்தில் அரசு ஒரு முகாம் திறந்தது. கூடாரங்கள் வரிசையாக, தண்ணீரும் கழிப்பிடமும் குளிக்கும் வசதியும் உண்டு. தங்கியிருந்தவர்களே குழு அமைத்து முகாமை நடத்தினார்கள். அதன் பொறுப்பாளர் டொம் கொலின்ஸ் உதவியோடுதான் ஜோன் ஸ்டைன்பெக் தன் 'கோபத்தின் கனிகள்' நாவலுக்கு விசயம் சேர்த்தார். 1939இல் வந்த அந்த நாவலின் சமர்ப்பணத்தில் அவரும் இருக்கிறார். அங்கேயும் தலைக்கு மேலே இருந்தது துணிதான். ஆனால் நகரசபைகள் குற்றமாகப் பார்த்த அந்தத் துணிக்கு ஆர்வினில் ஒரு முகவரி கிடைத்தது.

இதையெல்லாம் நான் ஏன் தேடிப் படித்தேன் என்று கேட்கலாம். 2005இல், சுனாமிக்குப் பிறகு, புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியனாக ஒரு கூடாரத்தில் நான் படிப்பித்தேன். மத்தியானத்தில் உள்ளே இருக்க ஏலாது. வெக்கை சும்மா விடாது. பிள்ளைகளின் வாப்பாமார் சிலர் வந்து, கூடாரத்தின் வாசலோடு ஒரு தறப்பாளைச் சாய்ப்பாக இறக்கித் தந்தார்கள். ஒரு மூலையைத் தாழ்த்திக் கட்டினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து வகுப்பு சாய்ப்புக்குக் கீழேதான் நடந்தது. அந்த வகுப்பில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓரத்தில், கம்பைப் பிடித்தபடி, யாருடையதென்று தெரியாத ஒரு கை விழுந்திருக்கிறது. முன்பெல்லாம் அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் படத்தை மற்றவர்களுக்குக் காட்டுவேன். இப்போது வெட்டுவதில்லை.